மண்ணைத் தொடாத சக்கரம்

செந்துறையிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் ஏறி, வேளார் தெருவில் இறங்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "பொட்டி வூட்டு ஸ்டாப்பிங்கா?" என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பார். அந்தப் பேரைக் கேட்டால் அம்சவள்ளி முகத்தைச் சுளித்துக்கொள்வாள். அதை நம்பாதீர்கள். உள்ளுக்குள் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். தலைமுறை தலைமுறையாகப் பானை செய்த தெருவுக்கு ஒரு பெண்பிள்ளையின் கொல்லையால் பேர் வந்திருக்கிறது, சும்மாவா?

அவளுக்கு ஒரு குணம் உண்டு. "கூடாது" என்று யாராவது சொன்னால் கத்த மாட்டாள், மல்லுக்கு நிற்க மாட்டாள். சொன்ன வார்த்தையை ஒன்று சிந்தாமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். சொன்னவர் மறந்துபோன பிறகு ஒருநாள் அவிழ்த்துக் காட்டுவாள். அவளுடைய மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், வைத்திலிங்கம் 1996இல் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பத்து வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். பாவம், மனிதருக்கு ஆளைத் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்து வழக்கம் இதுதான். ஏரியில் மண் வெட்டி வருவது, மிதிப்பது, கல் பொறுக்குவது, பானைக்கு அடி தட்டுவது, கூழாங்கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது, செம்மண் பூசுவது, சூளை அடுக்குவது, கூடையில் சுமந்துகொண்டு போய்ச் சந்தையில் விற்பது எல்லாம் பெண்கள் வேலை. சக்கரத்தில் உட்கார்ந்து மண்ணை எழுப்புவது மட்டும் ஆண்கள் வேலை. ஏன் என்று கேட்டால் சாமி குத்தம் என்பார்கள். சுமக்கிற பொம்பளையை ஏற்றுக்கொள்கிற சாமிக்குச் சுற்றுகிற பொம்பளை மட்டும் ஆகாதாம்! நல்ல சாமி.

அந்த வருஷம் அரியலூரில் பெண்களுக்கு மண்பாண்டப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. அம்சவள்ளி சேர்ந்தாள். கணவன் கலைச்செல்வன் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வெல்டர். சக்கரத்தின் பக்கம் போகாத ஆள், பெண்டாட்டி போவதைத் தடுக்கவும் இல்லை. வகுப்பில் முதன்முதலாக அவள் கைகளுக்கு நடுவே மண் எழும்பி வந்த அன்று, சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு மின்சக்கரம் கொடுத்தார்கள். இரும்புக் கால்கள், மோட்டார், மேலே வட்டத் தட்டு. டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கொல்லையில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். அந்த வீட்டில் மூத்தார் தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை, அது மரியாதை. சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொல்வார், தம்பி இல்லாவிட்டால் மாட்டிடம் சொல்வார். அன்றைக்கு மாட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இந்தக் கொல்லை எங்க பாட்டன் முப்பாட்டன் சக்கரத்துக்கு முளை அடிச்ச மண்ணு. இந்த மண்ணுல பொம்பளை ஓட்டுற மிஷின் நிக்கக் கூடாது. அந்த மிஷினைத் தூக்கி அந்தாண்ட போடச் சொல்லு."

முளை என்றால் சக்கரம் சுழல்வதற்காகத் தரையில் அடிக்கிற மரக்குச்சி. அந்த இடத்துக்கு வருஷா வருஷம் படையல் உண்டு. செருப்புப் போட்ட காலோடு யாரும் அந்தக் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. அம்சவள்ளியின் சக்கரத்துக்கு அந்த மரியாதை எதுவும் கிடையாது. தெருவே அதை மிஷின் என்றுதான் சொல்லியது. அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். தன் சக்கரத்தை இந்தத் தெரு சக்கரம் என்று சொல்ல வேண்டும், அதுவும் மூத்தார் வாயால் சொல்ல வேண்டும்.

கலைச்செல்வன் நல்ல மனுஷன்தான். அண்ணன் முன்னால் மட்டும் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சாக்கு சுற்றி மாட்டுக் கொட்டகைக்குப் போனது. கோழிகள் அதன் தட்டில் ஏறி முட்டையிட்டன. முட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அம்சவள்ளி சாக்கை விலக்கித் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். சுற்றுகிறதா என்று பார்ப்பாள். சுற்றும். மறுபடியும் மூடிவிட்டு வருவாள்.

அப்படியே 2006 வந்தது. சென்னை–திருச்சி ரோட்டை அகலப்படுத்துகிற வேலைக்காக ரஞ்சன்குடி பக்கம் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதியைக் கலைத்தபோது, ஆபீஸாக வைத்திருந்த கண்டெய்னர் பெட்டிகளைப் பெரம்பலூர் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எடுத்தார். அவற்றை அறுக்கக் கலைச்செல்வனைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னான்.

"நல்ல பொட்டிங்க. அறுக்கவே மனசு வரலை. உள்ள பலகைத் தரை. நாலு மூலையில கல்லு வச்சு மேல தூக்கி நிறுத்தியிருக்காங்க. அடியில நாய் படுத்துக் கெடக்குது."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்சவள்ளியின் கை அப்படியே நின்றது.

"அடியில நாய் படுத்துக் கெடக்குதா?"

"ஆமா, ஜிலுஜிலுன்னு இருக்கும்போல."

"அப்படின்னா பொட்டி மண்ணுல படாது?"

"எப்பிடிப் படும்? கல்லு மேலல்ல நிக்குது."

கலைச்செல்வன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். பத்து வருஷமாக முந்தானையில் முடிந்திருந்ததை அவள் அவிழ்ப்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி!" என்றான். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு இருவரும் பெரம்பலூர் போனார்கள். இரும்பு வியாபாரி நஜீமுதீன், லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் தமாம் பக்கம் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர்.

"பொட்டிக்குள்ள பானை செய்யப் போறியாம்மா? வெளையாடுறியா?" என்றார்.

அவள் கதையைச் சொன்னாள். மாட்டிடம் மூத்தார் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். நஜீமுதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யா அல்லாஹ்! நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் தங்கச்சி. எடுத்துட்டுப் போ. ஆனா ரெண்டா எடுத்துக்க. ஒன்னுக்காக அவ்வளவு தூரம் கிரேன் வராது. ஒன்னுல நீ வேலை செய்யி, இன்னொன்னுல காய வை."

சீட்டுப் பணம் முழுவதும் அதில் போனது. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாக யாரும் கேள்விப்படவில்லை.

கிரேன் வந்த அன்று தெருவில் திருவிழாக் கூட்டம். கலைச்செல்வன் பங்குக் கொல்லையில் முன்கூட்டியே கருங்கற்களை அடுக்கி வைத்திருந்தான். நீலப் பெட்டி ஒன்று, துருப்பிடித்த சிவப்புப் பெட்டி ஒன்று, இரண்டும் அந்தரத்தில் ஆடிக்கொண்டே வந்து கற்களின் மேல் உட்கார்ந்தன. வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னடா கலைச்செல்வா இது?"

கலைச்செல்வனுக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்சவள்ளி அவனைப் பார்த்தே பதில் சொன்னாள், மூத்தாரின் காதில் விழுகிற சத்தத்தில்.

"நீங்க சொல்லுங்க. பெரிய மாமா மண்ணுல நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அதான் மண்ணுல வைக்கலை. பலகை மேல வைக்கிறோம். வேணும்னா குனிஞ்சு பார்த்துக்கச் சொல்லுங்க."

மனிதர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். கைத்தடியைப் பெட்டிக்கு அடியில் விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக்கொண்டே போனார். தடி எதிலும் இடிக்கவில்லை. அவருடைய சொந்தக் கோழி ஒன்று அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வெளியே வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வயர்மேன் ஒரு கம்பியை இழுத்து மண்ணுக்குள் இறக்கியபோது மட்டும் வைத்திலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"இந்தா, இது மண்ணுக்குள்ள போவுதே?"

"பெரியவரே, இது எர்த் கம்பி. கரண்டுக்குப் போடறது. இல்லாட்டி தொட்ட ஆளு கருகிப் போயிடுவான். நீங்க பொட்டிப் பக்கம் வர்றதில்லையா?" என்றான் வயர்மேன்.

சாமியும் சம்பிரதாயமும் சரி, கருகிப்போக யாருக்குத்தான் ஆசை? வைத்திலிங்கம் நகர்ந்து போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் பல் குச்சியோடு வந்து பெட்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்ப்பது அவருக்கு வேலையாயிற்று.

சக்கரத்தை நீலப் பெட்டியில் வைத்து ஓட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை. மோட்டார் ஓடியதும் பலகைத் தரை கிடுகிடுவென்று அதிர்ந்தது. மண் நடுவில் நிற்கவே இல்லை. பானையின் வாய் வெற்றிலை குதப்புகிறவன் வாய் மாதிரி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"இதுக்கு ஏன் முழிக்கிறே? பலகைக்கு நேர் கீழே ஒரு கல்லை முட்டுக் குடுத்தா அசையாது. அரை மணி நேர வேலை" என்றான் கலைச்செல்வன்.

"வச்சிடாதீங்க!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சக்கரத்துக்கு நேர் கீழே கல்லு வச்சா அது முளை அடிச்ச கணக்கு. நாளைக்குக் காலையில உங்க அண்ணன் குனிஞ்சு பார்ப்பாரு. மிஷினைத் தூக்குன்னுவாரு. கோழி முட்டை எடுத்தது போதும்ங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"நீங்க வெல்டர் தானே? தரையில ஊணாம மேலேருந்தே இழுத்துக் கட்டுங்க."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வன் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பெட்டியின் அடிச்சட்டத்தில் ஒரு இரும்பிலிருந்து அடுத்த இரும்புக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் வைத்துப் பற்றவைத்தான். சக்கரத்தின் கால்களைப் பலகையைத் துளைத்து அதில் போல்ட் போட்டு முடுக்கினான். தீப்பொறி மார்பில் விழுந்து பனியனெல்லாம் ஓட்டை. பல் குச்சியோடு வந்த அண்ணன் குனிந்தார்.

"என்னடா பண்றே?"

"சக்கரத்துக்குக் கால் வைக்கிறேண்ணே. மண்ணைத் தொடலை, பார்த்துக்குங்க."

அண்ணனுக்கு அவன் முழுசாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான். மேலே பலகையில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளிக்கு அது காதில் விழுந்தது. மிஷின் என்று சொல்லாமல் சக்கரம் என்று சொன்னதும் விழுந்தது. அன்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

சக்கரம் உறுதியாக நின்றது, ஓட்டினாலும் அசையவில்லை. சித்திரை மாதம் முதல் ஈடு பானைகளை எழுப்பி, அடி தட்டி, சிவப்புப் பெட்டியில் வரிசையாகக் காய வைத்தாள். ஆடு மாடு புகுந்துவிடப் போகிறதே என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். பிறந்ததிலிருந்து கூரைக் கொட்டகையில் காய வைத்துப் பழகியவளுக்குத் தகரத்தின் சங்கதி என்ன தெரியும்? சாயங்காலம் கதவைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி அனல் மூஞ்சியில் அடித்தது. ஒரு பானை மிச்சமில்லை. எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் வைத்திலிங்கத்தின் மனைவி ஜெகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். "என்னடி அம்சவள்ளி, பொட்டிக்குள்ள அப்பளம் பொரிச்சியா?"

அம்சவள்ளி பெட்டியின் வாசலில் உட்கார்ந்து உடைந்த சில்லுகளைப் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். சுடாத மண் தானே, ஊறினால் மறுபடி மண். ஆனால் அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. பேசாமல் மூத்தார் சொன்னதையே கேட்டிருக்கலாமோ என்று அந்த ஒருநாள் மட்டும் நினைத்தாள்.

அடுத்த வாரம் நஜீமுதீன் அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவர், வீடு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். "கட்டிக்குடுத்த பொண்ணு எப்பிடி இருக்குன்னு பார்த்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்று நீலப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வியர்த்து வெளியே வந்தார்.

"தமாம்ல நாங்க எட்டுப் பேரு இதே மாதிரி பொட்டிக்குள்ளதாம்மா படுத்தோம். ஏ.சி. ரிப்பேர் ஆச்சுன்னா மவுத்துதான். இதுக்கு மேலே இன்னொரு நிழல் வேணும். கூரை பொட்டியைத் தொடக் கூடாது, நடுவுல காத்து ஓடணும். அப்புறம் கீழே ரெண்டு ஜன்னல், எதிர்ச் சுவத்துல உசரமா ரெண்டு ஜன்னல் வெட்டு. சூடு தானா வெளியே போயிடும். எங்களுக்கு அங்க ஓலை கெடைக்கலை, அட்டைப் பொட்டியைப் பிரிச்சுப் பரப்பிக்கிட்டோம். உனக்கென்ன, ஊரெல்லாம் தென்னமரம்."

கலைச்செல்வன் ஜன்னல் வெட்டினான். இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்து உயரத்தில் ஒரே கீற்றுக்கூரை போட்டார்கள். நடுவில் இருந்த சந்தும் நிழலாகிவிட்டது, மண் மிதிக்க வசதி. ரோட்டு முகாமிலிருந்து வந்த தார் டிரம்மை அறுத்து, உள்ளே செங்கல்லும் உமி கலந்த மண்ணும் பூசி அதே சந்தில் ஒரு சின்னச் சூளை வைத்தாள். குடும்பச் சூளையில் அவள் பானைக்கு இடமில்லை என்று மூத்தார் வீட்டில் சொல்லிவிட்டார்கள், வேண்டாம் போங்கள் என்றுவிட்டாள். ஆடி மாதம் செந்துறைச் சந்தைக்கு அவள் பானை போனது. தட்டிப் பார்த்தால் கிண்ணென்று சத்தம். "இது யாரு கை?" என்று கேட்டவர்களிடம், "என் கைதான்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்படிச் சொல்வதற்கென்றே அவள் சந்தைக்குப் போனாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தெரு மட்டும் மிஷின் பானை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மூத்தார் காலையில் குனிந்து பார்ப்பதையும் விடவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. வெயில் முகத்தையே பார்க்க முடியவில்லை. கார்த்திகைத் தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அகல் விளக்குக்கு வருஷம் முழுவதும் காத்திருந்து சம்பாதிக்கிற நேரம் அதுதான், அதே நேரத்தில்தான் மழையும் பெய்து தொலைக்கும். வைத்திலிங்கம் அரியலூர் கடைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கொட்டகை நிறைய அகல் செய்து வைத்திருந்தார். ஓட்டுக்கூரை ஒழுகியது. ஒரு அகலாவது காய வேண்டுமே! தொட்டால் வடை மாவு மாதிரி விரல் பதிந்தது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் படபடவென்று வெடித்துப் போகும். கண்ணெதிரே ஒரு வருஷத்து உழைப்பு கூழாகிக்கொண்டிருந்தது.

அம்சவள்ளிக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரையில் தன் பானைகளை வெடிக்க வைத்த அதே தகரம் அவளுக்கு நினைவு வந்தது. சிவப்புப் பெட்டியின் கீழ் ஜன்னல்களைச் சாத்தினாள். கரி அடுப்பைப் பற்றவைத்து உள்ளே மூலையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மேல் ஜன்னல் வழியாக ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. இதமான சூடு. மறுநாள் எடுத்துப் பார்த்தால் அவளுடைய அகல்கள் பிஸ்கட் மாதிரி காய்ந்திருந்தன. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெகதாம்பாள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை அப்பளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் மழை வலுத்தது. கலைச்செல்வன் ஆலைக்குப் போயிருந்தான். அம்சவள்ளி நீலப் பெட்டியில் சக்கரத்தில் இருந்தாள். வெளியே, "கலைச்செல்வா!" என்று குரல் கேட்டது.

தலையில் பிளாஸ்டிக் தாள் மூடிய கூடையோடு வைத்திலிங்கம் மழையில் நின்றிருந்தார். தம்பி வீட்டில் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவன் சைக்கிளில் போகும்போது பார்த்தவர்தானே. அம்சவள்ளி வாயைத் திறக்கவில்லை. சக்கரத்தையும் நிறுத்தவில்லை.

"யாரும் இல்லையா?" என்றார் கொஞ்சம் தள்ளியிருந்த மாட்டைப் பார்த்து. மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கென்ன வந்தது?

கூடையிலிருந்து செம்மண் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு அவருடைய நெற்றியில் இறங்கியது. அவளுக்கு மனசு இளகத்தான் செய்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷம் முட்டை எடுத்தவளால் இன்னும் ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா?

"அம்சவள்ளி."

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழும்பிக்கொண்டிருந்த அகலின் விளிம்பு லேசாகக் கோணிவிட்டது.

"என்னங்க மாமா."

"இதெல்லாம் உன் பொட்டியில காய வச்சுத் தரியா? உள்ள வரலாமா?"

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். கூடையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வழியை விடவில்லை.

"வாங்க மாமா. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. உள்ள சக்கரம் இருக்குது."

வைத்திலிங்கம் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தார். மழைத் தண்ணீர் முழங்கால்வரை தெறித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கையால் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பலகையில் ஏறி உள்ளே வந்தார்.

இரண்டு பேருமாகக் கூடை கூடையாக எடுத்துவந்து சிவப்புப் பெட்டியில் அகல்களைப் பரப்பினார்கள். எல்லாம் முடிந்து மழைக்காக ஒதுங்கி நின்றபோது அவள் மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்தாள். அவர் கதவோரம் குந்திக்கொண்டு அவள் கையையே பார்த்திருந்தார். நல்ல கைக்காரர், மண் நடுவில் நிற்கிறதா என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது.

"அசையவே இல்லையே" என்றார்.

"அசையாதுங்க மாமா. உங்க தம்பி கட்டினது."

"பார்த்தேன். தெனமும் பார்த்தேன். நீ கல்லு வைப்பேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். வைக்கலை."

"நீங்க கூடாதுன்னு சொன்னீங்களே."

மழை கீற்றுக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மழை விட்டதும் சக்கரத்துக்கு அடியில நல்ல கல்லா ஒன்னு வச்சுக்க. நானே கொண்டாந்து வைக்கிறேன். மண்ணுல ஊணி நிக்கட்டும்."

சக்கரம் என்றார். அவர் வாயால், அவள் பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே நாளில். அம்சவள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்துகொண்டு, விரல் நுனியால் அகலின் மூக்கை மெல்ல இழுத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாங்க மாமா. இப்பிடியே நல்லாத்தான் நிக்குது."